கடலுக்கு முதுகு காட்டியவள்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
20-4-1968

அன்புள்ள அம்சாவுக்கு,

உன் கார்டு வந்தது. நாலே வரி. வேலூரில் பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள், உன் வீட்டுக்கார வாத்தியாருக்கு ஜூன் முதல் வாரம் வரை விடுமுறை, அதுவரை பாண்டிச்சேரியில் நாத்தனார் வீட்டில் இருப்போம், விலாசம் இது. அவ்வளவுதான். கல்யாணமாகிப் பத்து மாதத்தில் உனக்குக் கார்டில் இடம் போதவில்லையா, எனக்குச் சொல்லச் செய்திதான் இல்லையா, தெரியவில்லை. நான் இன்லண்ட் வாங்கி எல்லா மடிப்பிலும் எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குத் தோள்வலி விடவில்லை. கூடத்துத் தறி முழுக்க என் கைக்கு வந்துவிட்டது. முந்தாநாள் உன் அப்பாவைச் சாயப்பட்டறை வாசலில் பார்த்தேன். முழங்கை வரைக்கும் கத்தரிப்பூ நிறம். "அம்சா லெட்டர் போட்டாளா?" என்று கேட்டேன். "எனக்கு இன்னாத்துக்குப் போடப்போறா? உனக்குத்தான் போடுவா. படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லும்மா" என்றார். உன் நாலு வரியைச் சொன்னேன். அவர் இன்னும் இருக்கும் என்று நினைத்து, நின்றுகொண்டே இருந்தார்.

அப்பாதுரை அண்ணனுக்குத் தை மாதம் கல்யாணம் ஆனதை எழுதியிருந்தேனே. அண்ணி பெயர் மணியம்மாள், தாமல்காரி. தறி தெரியாமல்தான் இந்த வீட்டுக்கு வந்தாள், மூன்று மாதத்தில் பிடித்துக்கொண்டாள். உன் இடத்தில்தான் உட்காருகிறாள். நான் உடல் நாடாவை எறிந்து புடவையின் உடலுக்கு ஊடை ஓட்டினால், என் வலப்பக்கத்திலிருந்து அவள் கரை நாடாவை எறிகிறாள். உன்னைவிடக் கை வேகம் என்று அப்பா சொல்கிறார். நான் சொல்லவில்லை. கதை கேட்பதில் அவளுக்கு அலுப்பே இல்லை. நூலகப் புத்தகத்தில் ராத்திரி நான் படித்ததைக் காலையில் அவளுக்குச் சொல்லிக்கொண்டே நெய்கிறேன்.

கடல் இருக்கிற ஊருக்குப் போகிறாய். அதனால் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாம் எட்டாம் வகுப்பு முடித்த வருஷம், ஒரு அமாவாசை. நம் தெருவில் தறி ஓடாத நாள் மாதத்தில் அது ஒன்றுதானே. அண்ணனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தாமல் ஏரிக்குப் போனோம். ஏரி கரை தொட்டுத் தளும்பிக்கொண்டிருந்தது. "கடலும் இப்படித்தான்டி இருக்கும், அக்கரைதான் இருக்காது" என்றாய். ஒருத்தியை விட்டு ஒருத்தி கடலைப் பார்ப்பதில்லை என்று இரண்டு பேரும் தண்ணீரில் கை வைத்துச் சொன்னோம். "நிறத்த நான் சொல்றேன், மத்ததெல்லாம் நீ சொல்லு" என்று நீ பங்குகூடப் பிரித்தாய்.

பதினோரு வருஷம் ஆகிறது. மெட்ராஸ் போக எனக்கு இரண்டு முறை வாய்ப்பு வந்தது. போகவில்லை. போனால் யாராவது கடற்கரைக்கு இழுத்துப் போவார்கள். நூலகத்தில் கடலைப் பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் படித்துத் தீர்த்துவிட்டேன். ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு நிறம் சொல்கிறது.

நான் உன்னைத் தடுக்கவில்லை. வீட்டுக்காரர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. போனால் மறைக்காமல் எழுது. போகாவிட்டாலும் எழுது.

உன்
செல்லி


பாண்டிச்சேரி,
28-4-1968

அன்பான செல்லிக்கு அம்சா எழுதுவது.

கார்டில் நாலு வரி எழுதினதற்கு நீ எனக்கு மூட்டை மூட்டையாகக் குறை அனுப்பியிருக்கிறாய். இந்தா, இதற்கு மேல் எழுத இடம் இல்லை என்று சொல்கிற அளவுக்கு எழுதுகிறேன்.

நேற்று, சனிக்கிழமை, ஊர் சுற்றிப் பார்த்தோம். இவர், நான், நாத்தனார் அற்புதம் அக்கா, மூன்று பேர். காலை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டோம். இந்த ஊரில் தெருவெல்லாம் தறியில் பாவு இழுத்துக் கட்டினது போல நேர்க்கோடு. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிகிறது. தெருப்பெயர் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறார்கள். போலீஸ்காரர் தலையில் உயரமான தொப்பி, நல்ல அரக்குச் சிவப்பு. எங்கள் அப்பா மூன்றாம் தடவை முக்கியெடுத்த நூலில் வருமே, அதே சிவப்பு. நான் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றதில் அந்த ஆள் மீசையைத் தடவிக்கொண்டார். "இன்னாமே இது, வாயப் பொளந்துக்கினு நிக்கிற? புருஷன் பக்கத்துல இருக்குறான்" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மதில்களெல்லாம் மாம்பழ மஞ்சள், வெயில் தின்ற இடத்தில் மட்டும் சந்தனம். சம்பா கோவில் என்கிற மாதா கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். உள்ளே கண்ணாடிச் சன்னல் வழியாக வெயில் விழுந்து என் வெள்ளைப் புடவையில் பச்சையும் ஊதாவும் தானாகக் கரை போட்டது. உன்னால் ஒரு மாதம் உட்கார்ந்தும் நெய்ய முடியாது அப்படி ஒரு கரை! பெரிய மார்க்கெட்டில் ரொட்டி வாங்கினோம். முழ நீளம், கட்டை மாதிரி. அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஜனங்கள் சைக்கிள் விடுகிறார்கள். மத்தியானம் தாவரப் பூங்காவில் அதைப் பிய்த்துத் தின்றுவிட்டு மர நிழலில் படுத்தோம். இவர் குறட்டை விட்டார். வாத்தியார் குறட்டையைக் கேட்டு ஒரு அணில் மரத்திலிருந்து இறங்கவே இல்லை.

சாயங்காலம் ஆயி மண்டபம் இருக்கிற பூங்காவுக்கு வந்தோம். வெள்ளை மண்டபம், கல்யாணப் பந்தல் போல நாலு பக்கமும் திறந்தது. அங்கிருந்து கடல் கூப்பிடு தூரம்.

ஆமாம், பார்த்தேன்.

சத்தம்தான் முதலில் வந்தது. நம் தெருவில் எல்லாத் தறியும் ஒன்றாக ஓடினால் எப்படி இருக்கும், அப்படி என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. ஒரே தறிதான், நெய்கிறவன்தான் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நெய்கிறான். அடிக்கிறது, கொஞ்சம் நிற்கிறது, இழுக்கிறது, மறுபடி அடிக்கிறது. இழுக்கிறபோது சரளைக்கல் உருள்கிற மாதிரி ஒரு சத்தம். காற்று காதுக்குள் புகுந்து பேசுகிறவர் பேச்சை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. உதட்டை நக்கினால் உப்பு. காந்தி சிலையைச் சுற்றி ஒசரம் ஒசரமாகக் கல்தூண்கள், அதன் அடியில் வேர்க்கடலைக்காரன் கூவுகிறான்.

அப்புறம் ஆறரை மணிக்கு நிலா எழுந்தது பார், செல்லி! முழு நிலா, தாம்பாளம் போலத் தண்ணீரிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்தது. அக்காகூடப் பேச்சை நிறுத்திவிட்டாள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கூட்டத்தில் யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று.

நீ வருத்தப்பட மாட்டாய் என்று தெரியும். உனக்குத்தான் பக்கத்திலேயே கதை கேட்க ஆள் இருக்கிறதே, அதுவும் கை வேகமான ஆள்.

அன்புடன்
அம்சா


பிள்ளையார்பாளையம்,
4-5-1968

அம்சாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ நன்றாக எழுதுகிறாய். எழுதுகிறவள் நான், பேசுகிறவள் நீ என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். இப்போது அதையும் நீயே எடுத்துக்கொண்டாய்.

வருத்தப்பட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். உண்மையைச் சொல்கிறேன், இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அது மனசில் இருக்கும் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். மனசில் இல்லை, தொண்டைக்குக் கீழே, சோறு இறங்குகிற வழியில் இருக்கிறது. இரண்டு நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. உன் வாத்தியார்மேல் பொறாமை. முன்பின் பார்க்காத உன் நாத்தனார்மேல் பொறாமை. என்னைவிட நாற்பது மைல் கடலுக்குப் பக்கத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காக அந்த வேர்க்கடலைக்காரன்மேல்கூட. எல்லாவற்றுக்கும் மேல் அந்த நிலாமேல்.

நீ கடலைப் பார்த்த அதே சனிக்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? தறி இல்லாத நாள். அண்ணனும் அண்ணியும் தாமலில் அவள் வீட்டுக்குப் போனார்கள். என்னையும் வா என்றார்கள். கூடப் போனேன், ஏரிக்கரையில் மட்டும் தனியாகப் போய் நின்றேன். சித்திரை வெயிலில் ஏரி பாதிக்கு மேல் வற்றிக் கிடந்தது. நாம் கை வைத்த இடம் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன். பொழுது சாய்ந்ததும், "கெளம்பு கெளம்பு, இருட்டிடுச்சின்னா வழியில ஒண்ணும் தெரியாது" என்று அண்ணன் துரத்திக் கூட்டிவந்தான். அந்நேரம் நீ கைபிடித்து நின்றிருக்கிறாய்.

கடிதம் வந்த அன்று தறியில் உட்கார்ந்தேன். கரை நாடாவுக்கு நான் இடம் விட வேண்டிய இடத்தில் விடாமல், உடல் நாடாவை மட்டும் எறிந்துகொண்டே போயிருக்கிறேன். நாலு விரல் அகலம். "ஏம்மா செல்லி, நான் ஒருத்தி இங்க குந்திக்கினு இருக்கிறேன், தெரியுதா இல்லியா?" என்று அண்ணி கேட்டாள். "தெரியுது. அதான் பிரச்சினை" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. நான் கை வைக்குமுன் அவளே இழை இழையாகப் பிரிக்க ஆரம்பித்தாள். பிரித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

நீ சொன்ன சொல்லை மீறிவிட்டாய் என்று நான் சண்டைக்கு வரவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்கள் தண்ணீரில் கை வைத்துச் சொன்னது எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் ஒரு வரி எழுதியிருக்கலாம். "செல்லி, நீ இல்லையே" என்று ஒரே ஒரு வரி. அணிலுக்கு இடம் கொடுத்திருக்கிறாய்.

இனிமேல் கடலைப் பற்றி எழுதாதே. மற்றதை எழுது. எழுதாவிட்டாலும் சரி.

இப்படிக்கு
செல்லியம்மாள்


பிள்ளையார்பாளையம்,
7-5-1968

அம்சா,

போன கடிதம் உனக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியாது. பதிலுக்குக் காத்திருக்காமல் இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நூலகப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். நேற்றுத் தறியிலிருந்து எழுந்து வந்து பார்த்தால் அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். உதடு அசைய அசையப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அடுத்தவங்க லெட்டர இன்னாத்துக்கு எடுக்கிற?" என்று பிடுங்கினேன்.

"நீ நாலு நாளா துன்னாம கெடக்கிற. யாரு செத்தாங்களோன்னு பயந்துக்கினு பாத்தேன்" என்றாள். அப்புறம் சிரித்தாள். "ஏம்மா, உன் சிநேகிதி ஊர்ல அமாவாசைக்கு முழு நிலா வருமா?"

எனக்கு உடனே புரியவில்லை. "சனிக்கிழம தறிய நிறுத்திட்டுத்தான தாமலுக்குப் போனோம்? தறிய எதுக்கு நிறுத்துவாங்க? வெள்ளக்காரன் ஆண்ட ஊருன்னா தனி நிலாவா?" என்று இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

சுவரில் காலண்டர் தொங்குகிறது. ஏப்ரல் இருபத்தேழு, கருப்பு வட்டம். நான் படித்தவள். அண்ணன் இருட்டிவிடும் என்று துரத்தியதை என் கையாலேயே எழுதியும் அனுப்பியிருக்கிறேன். பொறாமை கண்ணை எப்படி மறைக்கிறது பார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பொறுமையாகப் படித்தேன். போலீஸ்காரன் தொப்பிக்கு நிறம் சொல்கிறாய். மதிலுக்குச் சொல்கிறாய், வெயில் தின்ற இடத்துக்குத் தனியாகச் சொல்கிறாய். உன் புடவையில் விழுந்த வெளிச்சத்துக்குச் சொல்கிறாய். கடலுக்கு மட்டும் சொல்லவில்லை. சத்தம் எழுதியிருக்கிறாய், காற்று எழுதியிருக்கிறாய், உதட்டில் உப்பு எழுதியிருக்கிறாய். சாயக்கார வீராசாமியின் மகள், வெங்காயச் சருகுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் ஏழு நிறம் பார்க்கிறவள், பதினோரு வருஷம் கழித்துக் கடலைப் பார்த்துவிட்டு அதற்கு ஒரு நிறம் சொல்லாமல் விடுவாளா?

எதற்காக, அம்சா? என் வயிறு எரிய வேண்டும் என்றா? எரிந்தது, போதுமா? பார்த்துவிட்டுப் பெருமையடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். பார்க்காத ஒன்றைக் காட்டி என்னை அழவைத்திருக்கிறாய். வேறு என்னவெல்லாம் பொய்? அவர் கையைப் பிடித்ததும் பொய்யா? அந்த வீட்டில் நீ நன்றாக இருக்கிறாயா இல்லையா, அதுவாவது எனக்குத் தெரிய வேண்டும். கோபத்தோடு ஆரம்பித்து இங்கே வந்து நிற்கிறேன் பார்.

கடலைப் பார்த்தாயா, இல்லையா? ஒரு வார்த்தை. கார்டு போதும்.

செல்லி


பாண்டிச்சேரி,
12-5-1968

செல்லி,

இல்லை.

கார்டு போதும் என்றாய். அந்த ஒரு வார்த்தை மட்டும் போட்டு அனுப்பியிருப்பேன். அப்படி அனுப்பினால் மிச்சத்தை நீ கற்பனை செய்து, என் வாத்தியாரை ராட்சசனாக்கிவிடுவாய். அவர் பாவம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இன்று பௌர்ணமி. அக்காவின் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எல்லோரும் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அதனால் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயி மண்டபம் வரைக்கும் நான் எழுதினது எல்லாம் நிஜம். தொப்பி, ரொட்டி, அணில், எல்லாம். பூங்காவிலிருந்து கடலுக்குத் திரும்புகிற தெருமுனையில் கால் நகரவில்லை. தலைவலி என்று சொன்னேன். "இங்க வந்தா தலவலி? காத்துல பறந்துடும், வாமே" என்றாள் அக்கா. நான் வரவில்லை என்று அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முகத்துக்கு நேரே தெரு. ஒரு மணி நேரம். சத்தமெல்லாம் முதுகு வழியாகக் கேட்டதுதான். காற்றுக்கும் உப்புக்கும் கண் தேவையில்லை. அவர்கள் காலில் மணலோடு திரும்பி வந்தார்கள். காந்தி சிலையும் வேர்க்கடலைக்காரனும் அக்கா சொன்னது. நிலாவை நான் போட்டேன். கடல் என்றால் நிலா இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இந்த வீட்டில் அமாவாசை கிடையாது, பௌர்ணமி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பத்து மாதத்தில் எனக்கு அந்தக் கணக்கு விட்டுப்போயிற்று.

இங்கே வந்து மூன்று வாரம். தினம் சாயங்காலம் ஒரு காரணம் சொல்கிறேன். "கடலப் பாத்தா இன்னா கடிச்சா வெச்சிடும்? பேய் கீய் புடிச்சிருக்குதா இவளுக்கு?" என்று அக்கா தன் தம்பியிடம் கேட்கிறாள். அவர் என்னைப் பார்க்கிறார். நான் அவரிடம் சொல்லவில்லை. சிநேகிதியிடம் சொன்ன சொல் என்றால் சிரிப்பார். சிரித்தால் எனக்குத் தாங்காது. கையைப் பிடித்தது நிஜம், கடற்கரையில் இல்லை, அந்தப் பெஞ்சில்.

ஏன் பொய் எழுதினேன் என்று கேட்டாய். "உன் இடத்தில்தான் உட்காருகிறாள்." இது நீ எழுதினது. அந்த வரியைத்தான் அன்று முழுக்கத் திரும்பத் திரும்பப் படித்தேன். பத்து வருஷம் அங்கே உட்கார்ந்தேன். சுவரில் என் முதுகு பட்டுப் பட்டு வழவழப்பான இடம் இருக்கும், பார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தால் நான் எழுந்து எங்கள் தெருவுக்குப் போய்த் தின்றுவிட்டு வருவேன். ஒரு நாள்கூட, மழை கொட்டின நாள்கூட, உன் அம்மா "இரு" என்று சொன்னதில்லை. உன் அண்ணி எழுந்து போக வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்துக்கே சோறு வரும். கை வேகமாகத்தான் இருக்கும்.

என் கல்யாணத்துக்கு வந்தாய். மயில்கழுத்துப் பட்டு கட்டிக்கொண்டு சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்தாய். பந்தி போட்டபோது என் பக்கத்து இலையை உனக்கென்று காலியாக வைத்திருந்தேன். "அந்தப் பொண்ணுக்குத் தலவலியாம்மா, போயிடுச்சி" என்று அப்பா வந்து சொன்னார். நான் அந்தத் தலைவலியை நம்பினேன் என்றா நினைத்தாய்? தெருமுனையில் எனக்குச் சட்டென்று வாயில் வந்தது அதே வார்த்தைதான். உன்னிடம் கற்றது.

இதைச் சொல்லக் கூடாது என்று பத்து மாதம் கார்டில் நாலு வரியாக எழுதினேன். இப்போது சொல்லிவிட்டேன்.

ஜூன் நாலாம் தேதி வேலூர் திரும்புகிறோம். அதற்கு முன்னால், வரும் இருபத்தேழு, திங்கட்கிழமை, கடைசியாக எல்லோரும் கடற்கரைக்குப் போவதாக இருக்கிறோம். "இந்த வாட்டி நீ வராம நான் போவ மாட்டேன்" என்று இவர் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இனிமேல் தட்ட முடியாது. அன்றைக்கு நான் பார்த்துவிடுவேன், செல்லி. காலண்டரில் பார்த்தேன். அன்று உங்கள் தெருவில் தறி ஓடாது.

அவ்வளவுதான் எழுத முடியும்.

அம்சா


பிள்ளையார்பாளையம்,
19-5-1968

என் அம்சாவுக்கு,

உன் கடிதத்தைத் தறிக்கு வந்து படித்தேன். படித்துவிட்டு அண்ணியைக் கொஞ்சம் நகரச் சொன்னேன். சுவரில் அந்த இடம் இருக்கிறது. அவள் உன்னைவிட உயரம், அவள் முதுகு அதற்கு மேலே படுகிறது. இத்தனை நாள் அதை நான் கவனிக்கவில்லை. "இங்க இன்னா பாக்குற?" என்றாள். சொன்னேன். உடனே எழுந்து இடப்பக்கம் பார்த்தாள், மேலே பார்த்தாள், "அப்ப நான் எங்க குந்துறது?" என்று நிஜமாகவே கேட்டாள். அவளைப் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். முயற்சி செய்கிறேன்.

உன் கல்யாணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மா சொல்லி அனுப்பினாள் என்று நீ நினைத்தால் அது அவள்மேல் வீண்பழி. அவள் அன்று என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை. பந்திக்குக் கூப்பிட்டபோது, உங்கள் தெருச் சனங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் அம்மா என்ன சொல்வாள் என்று நானே நினைத்து, நானே எழுந்து, நானே தலைவலி என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாயம் போகாத கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அத்தனை புத்தகம் படித்தவள் பத்து அடி தூரத்தில் இருந்த இலைக்கு வரவில்லை. இத்தனை மாதமாக நீ கார்டு போடுகிறாய், கார்டு போடுகிறாய் என்று குறை எழுதிக்கொண்டிருந்தேன்.

நீ எனக்காகக் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாய் என்று படித்ததும் முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. சந்தோஷம். வாத்தியார் கூப்பிட்டும் போகவில்லை, எனக்காகப் போகவில்லை என்று ஒரு கெட்ட சந்தோஷம். இந்தப் பொறாமையை என்ன செய்வது என்று தெரியவில்லை. உன்னிடமும் அது இருக்கிறது என்று தெரிந்ததில் கொஞ்சம் ஆறுதல்.

இருபத்தேழாம் தேதி வருகிறேன். விடியற்காலைப் பஸ். பதினோரு மணிக்குள் வந்துவிடுவேன். துணைக்கு அண்ணன் வருகிறான். பாண்டிச்சேரி என்றதும் துள்ளிக் குதித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். எதற்கென்று அம்மாவுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். "கடலப் பாத்துட்டு நேரா வா, கடையப் பாத்துட்டு வராத" என்று அண்ணி இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். தானும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகம் வாடிப்போயிற்று. அடுத்த அமாவாசைக்கு வேறு எங்காவது கூட்டிப்போகிறேன் என்று சமாதானம் செய்திருக்கிறேன். கடலுக்கு இல்லை.

உன் வாத்தியாருக்கும் அற்புதம் அக்காவுக்கும் என் வணக்கத்தைச் சொல். அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பெஞ்சிலேயே உட்காரட்டும். வேண்டுமானால் கடலுக்கு முதுகு காட்டி உட்காரட்டும். தெருமுனையிலிருந்து நாம் இருவர் மட்டும் போவோம். நீ முன்னால் போகாதே. நானும் போகமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கைபிடித்து நடப்போம், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நிறத்தை நீ சொல்ல வேண்டும், நான் வாய் திறக்க மாட்டேன். நிலா இருக்காது என்று உனக்கே தெரியும்.

நேற்று அம்மாவிடம் சொன்னேன். "கட்டுச்சோறு கட்டித் தரட்டா? புளிசாதம்னா சாயந்தரம் வரைக்கும் தாங்கும்" என்றாள்.

"வேணாம்மா."

"வேணாம்னா? அப்ப மத்தியானம் எங்க துன்னுவ?"

"அம்சா வூட்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி வைத்தாள். இறக்கி வைத்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்ன நினைத்தாளோ, இந்தத் தடவை நான் அவளுக்குப் பதிலாக நினைக்கவில்லை. அப்புறம், "வெறுங்கையோட போவாத. மாம்பழம் எடுத்துக்கினு போ" என்றாள்.

உன் அப்பாவிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தடவை சொல்ல நிறைய இருந்தது.

கடல் எங்கும் போய்விடாது, சாயங்காலம் பார்க்கலாம். முதலில் சாப்பாடு. அக்காவிடம் சொல்லி எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல். உன் பக்கத்து இலையில் யாரையும் உட்கார வைத்துவிடாதே.

உன்
செல்லி